இரைச்சல் இல்லாத கடற்கரை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 51, கணவருக்கு 57. திருமணமாகி 28 ஆண்டுகளில் நாங்கள் இருவர் மட்டும் வெளியூர் சென்று தங்கியதே இல்லை. சென்ற இடமெல்லாம் மாமியார், பிள்ளைகள், நாத்தனார் குடும்பம் என ஒரு வேன் நிறைய ஆட்களுடன்தான் சென்றிருக்கிறோம். இப்போது மகளுக்குத் திருமணம் முடிந்துவிட்டது. மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். ஆடி மாதத்தில் 3 நாள் வந்திருந்து மாமியாரைப் பார்த்துக்கொள்வதாக நாத்தனார் சொல்கிறார். கூட்டமில்லாத ஒரு கடற்கரையில் 2 இரவு தங்க ஆசைப்படுகிறோம். எங்களிடம் கார் இல்லை. போக்குவரத்து, அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். கணவருக்கு முழங்கால் வலி உண்டு. இந்த வயதில் இப்படிக் கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆடியில் போகலாமா, தை வரை காத்திருக்கலாமா? எங்கே போகலாம்?
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: அம்மா, கூச்சப்பட இதில் ஒன்றுமே இல்லை. வளவும் (உள்முற்றம்) பட்டாலையும் (தூண் கூடம்) அறைகளுமாக நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும், கணவனும் மனைவியும் இடையூறின்றி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருக்க அவற்றில் இடம் கிடைப்பதில்லை என்பதை இந்த ஊர்களில் வாழ்ந்த எல்லோரும் அறிவோம். 28 ஆண்டுகள் ஒரு குடும்பத்தைத் தூக்கிச் சுமந்த இருவர் 2 இரவைத் தமக்கென்று கேட்பது மிகவும் நியாயமான ஆசை. நாத்தனார் மனமுவந்து தரும் 3 நாட்களை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்; தைக்கு அப்படியொரு வசதி மீண்டும் அமையும் என்பதற்கு உறுதி கிடையாது. ஆடியில் செல்வதாக இருந்தால், ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையிலுள்ள வடக்குக் கரைக்கு, அதாவது அரியமான், பிரப்பன்வலசைப் பக்கத்துக்குச் செல்வதே உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அது தெரிந்துவிட்டால், அங்கே அறை கிடைக்காத நிலையிலும் வேறு இடத்தை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியும்.

ராமநாதபுரத்திலிருந்து கிழக்கே செல்லச் செல்ல நிலம் ஒடுங்கி, ஒரு பக்கம் பாக் நீரிணைக் கடலும் மறுபக்கம் மன்னார் வளைகுடாவுமாகப் பிரிந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் இந்த இரண்டில் ஏதாவது ஒரு கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று வீசும்போது தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். அதே காற்று நிலத்தைக் கடந்து வடக்குக் கரைக்கு வரும்போது அங்கே அலையை எழுப்புவதில்லை. ஐப்பசியில் வாடை பிறந்துவிட்டால் நிலைமை தலைகீழாகி, வடகடல் கலங்கிக் குமுற, தென்கடல் ஓரளவு அமைதியடையும். வாடை ஓய்ந்து, தென்மேற்குக் காற்று இன்னும் வலுக்காத மாசி, பங்குனி மாதங்களில் இரண்டு கரைகளுமே நன்றாக இருக்கும். ஊர்ப்பெயரைப் பார்த்து அறை எடுப்பவர்கள் பலர் ஏமாற்றமடைவதற்குக் காரணம், தாம் செல்லும் மாதத்தில் அந்தக் கரையில் எந்தக் காற்று வீசும் என்று கேட்காமல் செல்வதுதான். உங்கள் பயணம் ஆடியில் என்பதால் வடக்குக் கரை என்று முடிவு செய்வது எளிதாகிவிடுகிறது. இதுவே தையாக இருந்திருந்தால், ஏர்வாடிக்கு அப்பாலுள்ள வாலிநோக்கம் போன்ற தெற்குக் கரை ஊர்களைப் பற்றித்தான் எழுதியிருப்பேன்.

பாக் நீரிணை ஆழமில்லாத கடல். அரியமான் பக்கத்தில் மணற்பரப்பு நீண்டு கிடக்கிறது. கரையை ஒட்டிச் சவுக்குத் தோப்புகளும் நிழலும் உண்டு. இடுப்பளவு நீருக்கே வெகுதூரம் நடந்து செல்ல வேண்டியிருக்கும் என்பதால், முழங்கால் வலி உள்ளவர் அலை தள்ளிவிடுமோ என்ற அச்சமில்லாமல் நீரில் நிற்கலாம், உட்காரவும் உட்காரலாம். ஆனாலும் ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. ஆடிக் காற்று அங்கே கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், காற்றடைத்த டியூப், மிதவை ஆகியவற்றின் மீது ஏறி மிதப்பவர்களை அது ஓசையில்லாமல் உள்ளே இழுத்துச் சென்றுவிடும். நீர் அமைதியாகத்தான் இருக்கிறது என்று எண்ணி எந்த மிதவையிலும் ஏற வேண்டாம். அடியில் கடற்புல்லும் சில இடங்களில் சேறும் இருப்பதால் ரப்பர் செருப்பு அணிந்தே இறங்குவது நல்லது. சொறி மீன் (ஜெல்லி மீன்) மிதப்பதைக் கண்டால் கையால் தொடாமல் கரையேறிவிடுங்கள். பகலில் வெயிலும் காற்றும் சேர்ந்து தோலை உலர்த்தும். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும்தான் கடலுக்குரிய நேரம். இடைப்பட்ட பொழுதை உறக்கத்துக்கும் பேச்சுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியிலிருந்து தொண்டிக் கடல் இன்னும் பக்கமாயிற்றே என்று நீங்கள் கேட்கக்கூடும். தேவகோட்டை, திருவாடானை வழியே ஒன்றரை மணி நேரத்தில் தொண்டிக்குச் சென்றுவிடலாம் என்பது உண்மை. தொண்டியில் தொடங்கி வடக்கே மீமிசல், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி வரையிலான கரை எனக்கு மிகவும் பிடித்தமானது. மக்கள் தொழில் செய்து வாழும் கரை அது. சுற்றுலாவுக்காக யாரும் அதை அலங்கரித்து வைக்கவில்லை. வலைகள் காயும், கருவாடு உலரும், படகுகள் அணிவகுத்து நிற்கும். கடல் அமைதியாக இருந்தாலும் பல இடங்களில் கரை சேறாக இருக்கும். இரவு தங்கி இளைப்பாறும்படியான கடலோர அறைகளும் அங்கே மிகக் குறைவு. எனவே பகலில் சென்று திரும்ப அது நல்ல கரை. அப்படிச் செல்லும் நாளில் திருப்புனவாசல் கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம். 'மூன்று முழமும் ஒரு சுற்று, முப்பது முழமும் ஒரு சுற்று' என்று பெரியவர்கள் சொல்வது அங்குள்ள பெரிய லிங்கத்துக்கும் ஆவுடையாருக்கும் உடுத்தும் துணியின் அளவைக் குறித்துத்தான். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துச் செல்கிறார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஊர்ப் பெண்கள் சமைத்த கடலுணவும் கிடைக்கும். இன்னொரு சமயம் ஒரு பகல் மட்டும் கிடைத்தால் இதை மறந்துவிடாதீர்கள்.

ராமேசுவரம் ஊருக்குள் தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 'அவ்வளவு தூரம் போகிறோமே, அப்படியே 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வந்துவிடலாமே' என்று வீட்டில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். அதைச் சேர்த்த மாத்திரத்தில் உங்கள் 3 நாள் யாத்திரையாகிவிடும். விடியற்காலையில் எழுந்து, ஈரத்துணியுடன் வரிசையில் நின்று, பிரசாதம் வாங்கி, உறவினர்களுக்குப் பங்கு பிரித்து, அலுத்துப்போய் வீடு திரும்புவீர்கள். சுவாமி தரிசனத்துக்கென்று தனியே ஒரு முறை, முறைப்படி, பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு செல்லுங்கள். ஓய்வையும் தீர்த்தமாடலையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டால் இரண்டுமே நிறைவாக அமைவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். தனுஷ்கோடிக்கு வேண்டுமானால் ஒரு நாள் சென்று வரலாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் சிதைந்த தேவாலயச் சுவர்களையும், 2017-ல் போட்ட சாலையின் முடிவில் உள்ள அரிச்சல்முனையையும் பார்க்கும்போது மனம் கனத்துப்போகும். அங்கே இரவு தங்க அனுமதி இல்லை. கடலில் இறங்குவதும் ஆபத்து. போக்குவரத்துச் செலவையும் முழங்காலையும் கருதினால், இந்த முறை அதை விட்டுவிடுவதே நல்லது என்று தோன்றுகிறது.

நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசைக்கு முன்னும் பின்னும் 2 நாட்களை அடியோடு தவிர்த்துவிடுங்கள். தேவிபட்டினம், சேதுக்கரை, ராமேசுவரம் மூன்றுக்கும் நம் பக்கத்திலிருந்தே ஆயிரக்கணக்கானோர் தர்ப்பணத்துக்குச் செல்லும் நாட்கள் அவை. பேருந்திலும் ரயிலிலும் இடம் இருக்காது, அறை வாடகையும் ஏறிவிடும். சனி, ஞாயிறுகளில் அரியமானுக்குச் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் பிள்ளைகளுடன் வந்து நிறைந்துவிடுகின்றன. பள்ளிகள் நடக்கும் ஆடி மாதத்தில், செவ்வாய்க்கிழமை சென்று வியாழக்கிழமை திரும்பினால், நீங்கள் தேடும் தனிமை கிடைக்கும். வார நாட்களில் வாடகையைக் குறைத்துக் கேட்கவும் உங்களுக்கு வாய் இருக்கும்.

போவதற்கு ரயிலே சிறந்தது. திருச்சியிலிருந்து ராமேசுவரத்துக்குக் காரைக்குடி, மானாமதுரை வழியாகப் பகல் ரயில் செல்கிறது. பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்ட ரயில் போக்குவரத்து, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்ட பிறகு மீண்டும் நடைபெறுகிறது. நீங்கள் பாலம் வரை செல்ல வேண்டியதில்லை. ராமநாதபுரத்திலோ, வண்டி நின்றால் உச்சிப்புளியிலோ இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். எந்த நிலையத்தில் இறங்கினால் பக்கம், ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பார்கள் என்பதை அறைக்காரரிடமே முன்னதாகக் கேட்டுவிடுங்கள். கார் இல்லாதவர்களின் கணக்கைக் குலைப்பது பெரும்பாலும் ஆட்டோதான். தள்ளுபடியில் கிடைத்த அறை பிரதான சாலையிலிருந்து 8 கிலோமீட்டர் உள்ளே இருந்தால், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் வெளியே செல்லும் செலவில் அந்தத் தள்ளுபடி கரைந்துவிடும்.

அறையைப் பற்றிப் பேசும்போது படத்தை நம்பாமல் தொலைபேசியில் நேரடியாகக் கேளுங்கள். அறை வாசலிலிருந்து கடல் எத்தனை அடி தூரம், நடுவில் சுவரோ பிறருடைய தோப்போ உண்டா, தரைத்தளமா மாடியா, கழிப்பறை மேல்நாட்டு வகையா என்பவை உங்கள் கணவரின் முழங்காலுக்காகக் கேட்க வேண்டியவை. குளிக்கும் தண்ணீர் உப்பாக இருக்கிறதா, குடிநீர் கேன் வைப்பார்களா, மின்சாரம் தடைப்பட்டால் மின்விசிறி ஓடுமா என்றும் கேட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் தங்கும் தேதிகளில் அங்கே திருமண வரவேற்போ அலுவலகக் குழுவோ வருகிறதா, இரவில் ஒலிபெருக்கி வைப்பார்களா என்பதைக் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். அமைதியான கடற்கரை என்று எழுதப்பட்டிருக்கும் பல விடுதிகளில் கடல் மட்டும்தான் அமைதியாக இருக்கிறது. பக்கத்து அறைகள் அப்படி இருப்பதில்லை. தங்கிச் சென்றவர்கள் இணையத்தில் எழுதும் கருத்துகளில் புகழ்ச்சியை விட்டுவிட்டு, கடந்த 3 மாதங்களில் வந்த குறைகளை மட்டும் மகனை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். முன்பணம் அனுப்புவதிலும் கவனம் வேண்டும். தேடலில் கிடைத்த ஏதோ ஓர் எண்ணுக்கு முழுத் தொகையையும் அனுப்பாமல், ஒரு பகுதியை மட்டும் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். விடுதிகளின் பெயரில் போலித் தளம் அமைத்துப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

9,000 ரூபாயில் அறைக்கு 5,000 ரூபாயை ஒதுக்கி, ஓர் இரவுக்கு 2,500 ரூபாய் என்ற வரம்பைக் கடக்காதீர்கள். வரியையும் சேர்த்துத்தான் அந்தத் தொகையா என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ரயிலுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும் என்பதால், மீதமுள்ளதைச் சாப்பாட்டுக்கும் ஆட்டோவுக்கும் தாராளமாகப் பிரித்துக்கொண்டு, ஆயிரம் ரூபாயைத் தொடாமல் தனியே வைத்திருங்கள். அந்த வரம்புக்குள் கடலோர அறை அமையவில்லை என்றால் கடனை வாங்கி எடுக்க வேண்டியதில்லை. மண்டபத்தில் சுத்தமான சாதாரண விடுதி ஒன்றில் தங்கி, காலையிலும் மாலையிலும் கரைக்குச் சென்று வருவது குறைவான அனுபவம் அல்ல.

சாப்பாட்டில் ஒரு செய்தி. பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாளும் நாட்டுப்படகுகளுக்கு 4 நாளும் என்று கடலை முறை வைத்துப் பகிர்ந்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் ஆடிக்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே மீனுக்குப் பஞ்சமிருக்காது. விடுதியில் சமைத்துத் தருவார்களா என்று கேட்டு, காலையில் வந்த நகரை மீனோ பாறை மீனோ நண்டோ வாங்கிக் கொடுத்தால், உணவகத்தில் சாப்பிடுவதைவிடச் சுவையாகவும் செலவு குறைவாகவும் இருக்கும். முதல் நாள் மதியத்துக்குப் புளியோதரையும் துவையலும் கட்டிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு மேல் சீடை, முறுக்கு, தேன்குழல் என்று முந்தின நாள் முழுவதும் அடுப்படியில் நின்று களைத்துப்போய் ரயில் ஏறாதீர்கள், அம்மா. இந்தப் பயணத்தில் உங்களுக்கும் ஓய்வு வேண்டும்.

கேள்வி: வருகிற தையில் எனக்குத் திருமணம். மாசியில் மனைவியுடன் 3 இரவு கடலோரத்தில் தங்க 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். நண்பர்கள் எல்லோரும் புதுச்சேரிக்குப் போ என்கிறார்கள். வருங்கால மனைவியோ கூட்டமில்லாத, பழைமையான ஊராக இருந்தால் நன்றாயிருக்கும் என்று தம் தங்கை மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: மணவாழ்வுக்கு வாழ்த்துகள். நண்பர்கள் சொல்வதைவிட அவர் சொல்லி அனுப்பியதற்குச் செவி சாயுங்கள். புதுச்சேரி அழகான நகரம்தான். ஆனால் அதன் நகரக் கடற்கரையில் பெரும்பகுதி கருங்கற்களால் அரண் அமைக்கப்பட்ட நடைபாதை. வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருபவர்களால் வாடகை ஏறிவிடும். உங்கள் வருங்கால மனைவியின் விருப்பத்துக்குத் தரங்கம்பாடி பொருந்தும்.

1620-ல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றுவிட்டாலும், கோட்டையும் நகர வாயிலும் 1718-ல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயமும் அகன்ற அமைதியான தெருக்களும் இன்றும் இருக்கின்றன. 1706-ல் வந்திறங்கிய கிறிஸ்தவ மறைப்பணியாளர் சீகன்பால்கு தமிழில் புத்தகம் அச்சிட்ட ஊரும் அதுவே. கடலோரத்தில் அரிப்புக்கு ஆளாகி நிற்கும் மாசிலாமணி நாதர் கோயிலைக் காலை இளவெயிலில் சென்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் நடந்து முடித்துவிடக்கூடிய ஊர்தான் என்றாலும், இருவராக நடந்தால் 2 நாளுக்குப் போதும். பேசுவதற்கு உங்களுக்கு நிறைய இருக்கும்.

அந்தக் கரையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அது குளிப்பதற்கான கடல் அன்று. அலை வலிது, பாறைகளும் உண்டு. பழைய மாளிகைகளை விடுதியாக்கியிருக்கும் இடங்களில் வாடகை அதிகம். ஆகவே ஓர் இரவை மட்டும், அதுவும் வார நாளில், அத்தகைய கடல் பார்த்த அறையில் கழித்துவிட்டு, மற்ற 2 இரவுகளைப் பேருந்தில் சென்றுவிடக்கூடிய தூரத்தில் உள்ள காரைக்காலில் நடுத்தர விடுதியில் தங்குவது உங்கள் தொகைக்குக் கட்டுப்படியாகும். காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி வழியே திருவாரூருக்கு அகல ரயில் பாதை 2019-ல் முழுமையடைந்துவிட்டதால், ரயிலில் திருவாரூர் சென்று, அங்கிருந்து நாகப்பட்டினம், காரைக்கால் வழியாகப் பேருந்தில் செல்லலாம். திரும்பும் வழியில் ஒரு பகல் மிச்சமிருந்தால், பட்டுக்கோட்டைக்கு அருகே சரபோஜி மன்னர், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகக் கட்டிய 8 அடுக்கு மனோரா கோபுரத்தில் இறங்கிப் பார்க்கலாம். அதை அடுத்த கடலில் கடற்புல் மேயும் ஆவுளியா எனும் கடற்பசுக்களுக்காக 2022-ல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது; இந்தியாவில் அவற்றுக்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் அது. வேளாங்கண்ணியைத் தங்குவதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான திருவிழா இல்லாத காலத்திலும் அது பக்தர்கள் நிறைந்த ஊர், அப்படியிருப்பதே அதன் இயல்பு.

கேள்வி: ஜூன், ஜூலையில் கேரளத்தின் வர்க்கலாவில் அறைகள் பாதி விலைக்குக் கிடைப்பதாக விளம்பரம் பார்த்தேன். நானும் மனைவியும் போகலாமா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: மழையைப் பார்த்துக்கொண்டு குன்றின் மேல் உட்கார்ந்திருப்பதில் உங்கள் இருவருக்கும் விருப்பம் உண்டென்றால் தாராளமாகச் செல்லலாம். வாரம் இருமுறை காரைக்குடி வழியாகச் செல்லும் வேளாங்கண்ணி–எர்ணாகுளம் விரைவு ரயிலில் கொல்லம் வரை சென்று, அங்கிருந்து வேறு ரயில் மாறிக்கொள்ளலாம். கடலில் இறங்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம். அந்த மாதங்களில் மேற்குக் கரையில் கடல் மிகவும் கொந்தளிப்பாக இருப்பதால்தான் விலை குறைகிறது.

தென் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் பொதுவான இன்னோர் ஆபத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். வானம் தெளிந்து, உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும், வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழுந்த புயலின் அலை நாட்கணக்கில் பயணம் செய்து வந்து திடீரென்று கரையில் ஏறும்; அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் உயிரிழந்தது அத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான். எந்தக் கரைக்குச் சென்றாலும், அன்று காலையில் அத்தகைய எச்சரிக்கை உண்டா என்பதைச் செய்தியிலோ அங்குள்ள மீனவர்களிடமோ கேட்டுக்கொண்டு இறங்குங்கள். மீனவர்கள் வேண்டாம் என்றால் அதற்கு மேல் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நீராடுவதற்கே செல்கிறீர்கள் என்றால் மாசி வரை பொறுத்திருந்து, திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டைப் பாருங்கள். கடலை நோக்கி நீண்ட மணல் மேட்டின் உச்சியில் திருச்சிலுவை ஆலயம் இருக்க, அதன் ஒரு பக்கத்தில் நீர் அடங்கி நிற்கும். அங்கே தங்குமிடங்கள் குறைவு என்பதால் திருச்செந்தூரில் அறை எடுத்துக்கொண்டு சென்று வர வேண்டும்; அறை எடுக்கும் முன்பு, அது மாசித் திருவிழா நாட்களுடன் மோதவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணவன் மனைவி என்பதற்கு விடுதியில் திருமணச் சான்றிதழ் காட்ட வேண்டுமா? இருவர் முகவரியும் வேறாக இருப்பதால் தயக்கமாக இருக்கிறது.
— வாசகி, காரைக்குடி

பதில்: திருமணச் சான்றிதழைக் காட்டியாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. தங்கும் இருவருடைய புகைப்பட அடையாள அட்டையும் வேண்டும். ஒருவருடையது மட்டும் போதாது. ஆதாருக்குப் பதிலாக வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ தரலாம். ஆதாரையே கேட்டால், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலை ஆதார் தளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். சில விடுதிகள் தமக்கென்று விதி வைத்துக்கொண்டு, முகவரி வேறாக இருந்தால் கேள்வி கேட்பதுண்டு. இரவு நேரத்தில் வரவேற்பறையில் நின்று பேசுவதைத் தவிர்க்க, முன்பதிவு செய்யும்போதே முகவரி வேறு என்பதைச் சொல்லி, சரி என்ற பதிலைக் குறுஞ்செய்தியாகப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். திருமண அழைப்பிதழின் படம் ஒன்று கைப்பேசியில் இருந்தால் பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருக்கும்.